தோல் சோல் ஷூவும் ஐப்பசி மழையும்

வாசகர் கேள்வி, 13 அக்டோபர் 2024

உயர் நீதிமன்றத்தில் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறேன். மாமா கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தார். மேலும் கீழும் முழுத் தோல். மழை எந்த நாளிலும் தொடங்கலாம் என்கிறார்கள். சோலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவைத்தால் தண்ணீர் ஏறாது என்று வீட்டில் சொல்கிறார்கள். தேய்க்கலாமா? இல்லை, மழைக்காலம் முடியும்வரை பீரோவில் வைத்துவிடட்டுமா?

13 அக்டோபர், இரவு

எண்ணெய் வேண்டாம். பீரோவும் வேண்டாம்.

ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் சோல் ஒட்டும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சோலுக்குப் போகும் தோல் வேறு, மேல்தோல் வேறு. மேல்தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதப்பட்டது. சோல் தோல் மரப்பட்டைச் சாற்றில் ஊறி, உருளையில் அழுந்தி, கெட்டிப்பட்டு வருவது. ஐந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். அந்த இறுக்கம்தான் அதன் பலம். எண்ணெயை ஊறவிட்டால் நார் இளகிவிடும், சாலையில் சீக்கிரம் அரைபடும். நாளைக்கு அதன்மேல் ரப்பர் அரை சோல் ஒட்ட நினைத்தாலும் எண்ணெய் குடித்த தோலில் சொல்யூஷன் பிடிக்காது.

முதலில் ஒன்று பாருங்கள். ஷூவுக்குள் கைவிட்டு, குதிகாலிலிருந்து உள் அட்டையை மெல்லத் தூக்கி, உள்தளத்தில் தையல் நூல் வரிசை தெரிகிறதா என்று சொல்லுங்கள். ஷூவின் வெளி விளிம்பைச் சுற்றித் தையல் ஓடுகிறதா என்பதையும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

14 அக்டோபர்

உள்ளே நூல் இல்லை, வெளி விளிம்பில் தையல் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது குட்இயர் வெல்ட். நல்ல செய்தி.

வெல்ட் என்பது மேல்தோலைச் சுற்றி ஓடும் ஒரு தோல் பட்டை. மேல்தோலும் உள்தளத்தின் விளிம்பும் ஒரு தையலில் அந்தப் பட்டையோடு சேர்கின்றன. பட்டையோடு சோல் இன்னொரு தையலில் சேர்கிறது. உள்தளத்துக்கும் சோலுக்கும் நடுவில் தக்கை நிரப்பியிருப்பார்கள். சோலைத் துளைக்கும் தையல் உள்ளே வருவதே இல்லை. ஆகவே சோல் நனைந்தாலும் தண்ணீர் காலுக்கு வர நேரம் பிடிக்கும்.

பிளேக் தையலில் கதை வேறு. லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழி வந்தது அது. உள்தளத்திலிருந்து சோல்வரை ஒரே தையல் துளைத்துக்கொண்டு இறங்கும். ஷூ மெலிதாக, வளைவாக, அழகாக இருக்கும். ஆனால் ஈரச் சாலையில் நூல் வழியே தண்ணீர் நேராக உள்ளங்காலுக்கு ஏறிவிடும். பிளேக் ஷூ வைத்திருப்பவர்கள் நான் இங்கே எழுதுவதை இன்னும் ஒரு மடங்கு கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

15 அக்டோபர்

வடகிழக்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டது. நீதிமன்றத்துக்கு ரப்பர் செருப்பில் போங்கள், ஷூவைத் துணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள், அங்கே போய்க் கால் துடைத்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இதைவிடச் சிறந்த பாதுகாப்பு எதுவும் கிடையாது. பாரிமுனைத் தண்ணீரில் மூத்த வழக்கறிஞர்களும் கால்சட்டையை மடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

16 அக்டோபர்

நனைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. இப்போது செய்யப்போவதில்தான் ஷூவின் ஆயுள் இருக்கிறது. ஹேர் ட்ரையரைக் கீழே வையுங்கள்.

தோல் என்பது கொலாஜன் நார். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு சுருங்கு வெப்பநிலை உண்டு. ஈரமாக இருக்கும்போது அந்தச் சூட்டைத் தொட்டால் நார் சுருண்டுவிடும், பிறகு எந்தப் பாலிஷாலும் திரும்பாது. குரோம் பதத்துக்கு அது 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பட்டைப் பதத்துக்கு 75 முதல் 85 டிகிரிதான். அடுப்பங்கரைச் சூடு, ட்ரையரின் வாய், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அந்த எல்லைக்கு வெகு அருகில் போய்விடும். அவ்வளவு போகாத சூட்டிலும் கேடு உண்டு. வேகமாகக் காயும்போது தோலுக்குள் இருக்கும் துவர்ப்புச் சத்து தண்ணீரோடு மேற்பரப்புக்கு ஏறி அங்கேயே தங்கிவிடுகிறது. மேல் அடுக்கு கறுத்து, மொறுமொறுவென்று ஆகி, வளைத்தால் வெடிக்கிறது. நனைந்து வீட்டுக்கு வந்த நல்ல ஷூக்கள் ஒரே இரவில் சமையலறை அடுப்புப் பக்கத்தில் பாழானதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மழை அவற்றை ஒன்றும் செய்திருக்கவில்லை.

செய்ய வேண்டியது இது. லேஸைக் கழற்றி, நாக்கை நன்றாக முன்னால் இழுத்து விடுங்கள். சேற்றைப் பழைய பனியன் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி முனைவரை அடையுங்கள், இறுக்கித் திணிக்காதீர்கள். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் சொதசொதத்துவிடும். எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். படுக்கும் முன் மறுபடியும்.

அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஷூவை நிமிர்த்தித் தரையில் வைக்கக் கூடாது. சோல்தான் அதிகம் நனைந்தது, அதன் முகத்தைத் தரையில் அழுத்தி வைத்தால் ஈரம் எங்கே போகும்? பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். மின்விசிறிக் காற்று அறைக்குள் ஓடினால் போதும். இந்த ஈரப்பதத்தில் முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் போடாதீர்கள். ஈரச் சோல் மேற்பரப்பு விரல் நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்கும். அந்த நிலையில் தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் உலர்ந்த நாளில் பல நாள் தேய்வது அன்றே தேய்ந்துவிடும்.

17 அக்டோபர்

ஷூவின் முகப்பில் அலையலையாக வெள்ளைக் கோடு படிந்திருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். தண்ணீர் பாதி ஏறி நின்ற இடம் அது. ஈரம் விளிம்பில் உலரும்போது உப்பும் சாயமும் அங்கே குவிகின்றன. கோட்டை மட்டும் துடைத்தால் கோடு இடம் மாறும், போகாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியைப் பிழிந்தெடுத்து, இரண்டு ஷூவின் முகப்பு முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள். பிறகு வெறும் ஈரத்துணி. மறுபடியும் நிழலில் உலர்த்துங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கிரீம் பாலிஷ் கொடுங்கள். டப்பா மெழுகுப் பாலிஷ் அதற்கும் பிறகு. நனைந்து காய்ந்த தோல் தன் கொழுப்பில் கொஞ்சத்தை இழந்திருக்கும், அதைத் திருப்பித் தருவது கிரீம்தான். மெழுகு மேலே நின்று தண்ணீரைத் தடுக்கும், உள்ளே எதையும் தராது.

20 அக்டோபர்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், மரக்கட்டையை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். ஷூவுக்குள் வைத்து வடிவம் காக்கும் தேவதாருக் கட்டை. நல்ல பொருள். ஆனால் தொப்பலாக நனைந்த ஷூவில் முதல் நாளே அதை இறுக்கிப் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஈரத் தோல் இழுத்த பக்கம் போகும், பெரிய கட்டையைப் போட்டால் அந்த அளவிலேயே காயும். முதல் நாள் காகிதம், ஈரம் குறைந்து தொடுவதற்குக் குளிர்ச்சியாக மட்டும் இருக்கும் நிலையில் கட்டை.

அவரே சோலுக்கென்று விற்கும் வெளிநாட்டு எண்ணெயைப் பற்றியும் கேட்டார். அதை யோசித்தேன். தேங்காய் எண்ணெய்க்கு நான் சொன்ன மறுப்பை அதற்கு முழுதாகப் பொருத்த முடியாது. பழைய ஷூ, வெயிலில் காய்ந்து சோல் மேற்பரப்பு வரிவரியாக வெடிக்கத் தொடங்கியிருக்கிறது என்றால், துணியில் தொட்டு மிக மெல்லிய ஒரு பூச்சு பூசலாம், ஒரு நாள் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். புதுச் சோலுக்கு அது தேவையே இல்லை. ரப்பர் ஒட்டும் எண்ணம் இருந்தால் எந்தப் பெயரில் விற்றாலும் எண்ணெய் கூடாது.

22 அக்டோபர்

அந்த ரப்பரைப் பற்றி. எனக்கு இதில் தெளிவான முடிவு உண்டு: சென்னையில் மழைக்காலத்தில் தோல் சோல் போட்டே ஆக வேண்டியவர் முன்பாதத்தில் மெல்லிய ரப்பர் அரை சோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் போதும். தோலின் சுவாசம் அடைபட்டுவிடும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். காலின் வியர்வை பெரும்பாலும் உள்தளத்திலும் உள்துணியிலும் ஏறி, ஷூவைக் கழற்றி வைத்த பிறகு மேல்வழியே போகிறது. நடுப்பாதம் எப்படியும் வெறும் தோலாகத்தான் இருக்கும். நான் ஒட்டிய ஜோடிகளில் ஒட்டாத ஜோடியைவிட உள்ளே அதிக ஈரம் தங்கிப் பார்த்ததில்லை.

புதிதாக வாங்கிய அன்றே ஒட்ட வேண்டாம். சில வாரம் உலர்ந்த தரையில் நடந்து சோல் காலுக்கு வளையட்டும். சென்னையில் பெரியமேட்டில் நல்ல ரப்பர் ஷீட் கிடைக்கும், ஒட்டித் தரும் கைத்தேர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல தொழிலாளி முதலில் சோலை உப்புத்தாளால் சுரண்டுவார், பளபளப்பு போய்த் தோல் முகம் பஞ்சுபோலத் தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டாமல் காயவிடுவார். விரலால் தொட்டால் ஒட்டாமல் வரும்போதுதான் சேர்ப்பார், பிறகு சுத்தியலால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தட்டிக்கொண்டே போவார். தடவிய கையோடு ஒட்டிக் கொடுத்தால் முதல் மழையில் முனை பிரிந்துவிடும். காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டால் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்கெனவே நனைந்த ஷூ என்றால் இரண்டு நாள் கணக்கு போதாது, ஒரு வாரமாவது காய்ந்த பிறகுதான் கொண்டுபோக வேண்டும். தக்கைக்குள் ஈரம் இருக்கும்போது மேலே ரப்பரை மூடினால் உண்மையிலேயே சுவாசம் அடைபடும்.

23 அக்டோபர்

ஒரு சொல் சேர்க்க வேண்டும். சில ஷூக்களில் சோல் தையல் கண்ணுக்குத் தெரியாது. தோலில் சாய்வாகக் கீறி, உதடு போலத் தூக்கி, தையலை உள்ளே வைத்து மூடி ஒட்டியிருப்பார்கள். நனைந்தால் அந்த விளிம்பு எழும்பும். சோல் பிரிகிறது என்று பயப்பட வேண்டாம், தையல் உள்ளே திடமாகத்தான் இருக்கும். காய்ந்ததும் கொஞ்சம் சொல்யூஷன் வைத்து அழுத்தினால் படிந்துவிடும்.

27 அக்டோபர்

முனை தேயாமல் இருக்க லாடம் அடிக்கலாமா என்று திருச்சியிலிருந்து கேள்வி. அடிக்கலாம், மழைக்கு முன் யோசித்து அடியுங்கள்.

பட்டைப் பதத் தோலில் இருப்பது துவர்ப்புச் சத்து. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதற்குத்தான் பயன்பட்டன. பழைய நாளில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி கலந்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி இரும்பு உப்பு. துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறுப்பு பிறக்கிறது. ஈரச் சோலில் இரும்பாணி இருந்தால் அதே வேலைதான் நடக்கிறது. பழைய லாடத்தைப் பெயர்த்துப் பாருங்கள், ஒவ்வோர் ஆணித் துளையைச் சுற்றியும் மை சிந்திய வட்டம் தெரியும். அந்த வட்டத்துத் தோல் நகத்தால் கிள்ளினால் உதிரும். ஆணி பிடிப்பு விட்டு, லாடம் ஆடி, ஒருநாள் தெருவில் விழுந்துவிடும்.

பித்தளை ஆணியும் துருப்பிடிக்காத எஃகும் இந்தத் தொல்லை தருவதில்லை. அதைவிட எளிது, முனையில் ஒரு சிறு ரப்பர்த் துண்டு.

29 அக்டோபர்

வழுக்கலைப் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அவசரம் உண்டு, ஏனென்றால் ஷூ போனால் ஷூ, இடுப்பெலும்பு போனால் என்ன செய்வது? ஈரத் தோல் சோலும் மழைநீர் சிந்திய பளபளப்பு டைல்ஸும் சேர்ந்தால் கால் நிற்காது. மெட்ரோ நிலைய வாசல், வங்கிப் படி, கல்யாண மண்டப முகப்பு எல்லாம் அப்படித்தான். புதுச் சோல் இன்னும் மோசம். வயதானவருக்குத் தோல் சோல் ஷூ பரிசளிப்பவர்கள் அரை சோலை ஒட்டியே கொடுங்கள்.

3 நவம்பர்

தீபாவளி முடிந்து வந்து பார்த்தால் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ஒரு தோல் ஷூவுக்கு இத்தனை பாடு எதற்கு, ரப்பர் சோல் வாங்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே?

வாங்கலாம். இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவில் செய்யும் டெய்னைட் என்ற குமிழ் வைத்த ரப்பர் சோல் உண்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் தோல் சோல் போலவே தெரியும், மழைக்குத் திடமானது. புதிதாக வாங்குபவருக்கு அதையே நான் சொல்வேன்.

ஆனால் கையில் இருக்கும் தோலைக் காப்பாற்றச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் உண்டு. நான் பாலாற்றங்கரையில் வளர்ந்தவன். கேள்வி கேட்ட தம்பி வழக்கறிஞர், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் சொன்ன தீர்ப்பைப் படித்திருப்பார். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது, சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னது. அந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த தலைமுறை எங்கள் வீட்டில் இருந்தது. எங்களுக்குச் சோறு போட்டதும் தோல்தான், கிணற்றைக் கெடுத்ததும் தோல்தான். அவ்வளவு விலை கொடுத்துச் செய்த பொருளை ஒரே மழையில் தூக்கியெறிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சோல் மாற்றி மாற்றிப் பதினைந்து, இருபது ஆண்டு போடக் கூடிய ஷூ அது.

12 நவம்பர்

பீரோவில் வைத்த இன்னொரு ஜோடியில் வெள்ளை பூத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குத்தான் பீரோ வேண்டாம் என்றேன். இரும்புப் பீரோவுக்குள் காற்று ஓடாது.

ஆனால் வெள்ளையெல்லாம் பூஞ்சை இல்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில சமயம் வெளியே வந்து மாவு தூவியதுபோல் உறையும். கண்டுபிடிக்கும் வழி எளிது. ஹேர் ட்ரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சில நொடி காட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறைந்துவிடும். பூஞ்சை அப்படியே நிற்கும், மக்கிய வாடையும் வரும். ட்ரையர் கூடாது என்று முன்பு எழுதியது ஈரத் தோலுக்கு. உலர்ந்த தோலில் இந்த இளஞ்சூடு ஒன்றும் செய்யாது.

பூஞ்சை என்றால் ஷூவை மாடிக்குக் கொண்டுபோய்த் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பக்கத்து ஜோடிக்கும் ஒட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம், ஆனால் அது சாயத்தையும் கொஞ்சம் எடுக்கும், முதலில் நாக்கின் உட்புறத்தில் சோதித்துவிடுங்கள். உள்பக்கம், லேஸ், கட்டை எதையும் விடாதீர்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், துணிப்பை போதும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுவது எந்த மருந்தையும்விட மேல்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாளாகிறது. விழுப்புரம் பக்கத்து வாசகர் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஷூ அலமாரியே மூழ்கிவிட்டதாம். அவர் வீடும் மனிதர்களும் பத்திரமாக இருப்பது பெரிது.

வெள்ள நீரில் மூழ்கிய ஷூவுக்கு நான் மேலே எழுதியது போதாது. அது மழைநீர் இல்லை, சாக்கடை கலந்த தண்ணீர். கையுறை போட்டுக்கொண்டு, நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். நனைந்த தோலை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம், அழுக்கு உள்ளேயே காய்வதுதான் கேடு. தோல் பொருள்களைக் கழுவும் சேணச் சோப்பு இருந்தால் அதன் நுரையில் துடையுங்கள், சோலை மென்மையான பிரஷால் தேயுங்கள். பிறகு காகிதம், சாய்த்து வைத்தல், பொறுமை. உள்தளம் உண்மைத் தோலாக இருந்தால் பிழைக்கும். அட்டையாக இருந்தால் ஊறி அடுக்கடுக்காகப் பிரியும், அதோடு ஒட்டிய தையல் பட்டையும் கழன்றுவிடும். அந்த ஷூவுக்குச் செலவு செய்யாதீர்கள்.

14 டிசம்பர்

மழை ஓய்ந்தால் சோலைச் சோதிப்பது எப்படி என்று தம்பி கேட்டிருக்கிறார். ஷூவைக் கவிழ்த்து, முன்பாதத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னும் ஆயுள் இருக்கிறது. மெத்தென்று உள்வாங்கினால் சோல் மெலிந்துவிட்டது. ஓட்டை விழும்வரை காத்திருந்தால் தக்கையும் உள்தளமும் சேர்ந்து போகும், செலவு கூடும். மெத்தென்ற அன்றே கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது பழைய வெல்ட்டை வைத்துக்கொண்டே தைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் முறை முடியும், பழைய துளைகளிலேயே ஊசி போக வேண்டும். புதுத் துளை போட்டால் வெல்ட் சல்லடையாகிவிடும், அடுத்த முறை அதையும் மாற்ற வேண்டிவரும். சோலை வெறுமனே ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பெரியமேட்டில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் தைப்பவர் கிடைப்பார்.